கைலாஹுன் மாவட்டத்தின் பெருந்தலைவர்களும் பிரிட்டிஷ் ஆட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைலாஹுன் எங்கே இருக்கிறது?

மேற்கு ஆப்பிரிக்காவில், சியரா லியோன் நாட்டின் கிழக்கு மூலையில். வடக்கே கினியா, கிழக்கே லைபீரியா. தலைநகர் ஃப்ரீடவுனிலிருந்து சாலை வழியாகச் சுமார் 400 கிலோமீட்டர். மக்கள்தொகை 5 லட்சத்துக்கு மேல். பெரும்பான்மையோர் மெண்டே இனத்தவர். வடக்கு ஓரத்தில் கிஸ்ஸி மக்கள் இருக்கிறார்கள். காடும் மலையும் நல்ல மழையும் உள்ள பூமி. கோகோ, காபி, நெல் மூன்றும் விளைகிறது.

மாவட்டத்துக்கு உள்ளே பல 'சீஃப்டம்'கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு 'பாரமவுண்ட் சீஃப்'. இங்கே அவரைப் பெருந்தலைவர் என்று எழுதுகிறேன். லுவாவா, ஜாவியே, மாண்டு, மலேமா, டியா, பெங்குயா, மேல் பம்பாரா, கிஸ்ஸி டெங், கிஸ்ஸி டோங்கி, கிஸ்ஸி காமா என்று நீளும் பட்டியல், நெடுங்காலம் 14 பெயர்களோடு இருந்தது. மாவட்டத் தலைநகரான கைலாஹுன் ஊர் லுவாவாவில் இருக்கிறது.

இந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே?

'ஆபரேஷன் குக்ரி' பற்றிப் படித்திருப்பீர்கள். 2000-ம் ஆண்டு மே மாதம், ஐ.நா. அமைதிப்படையில் இருந்த இந்தியாவின் கூர்க்கா வீரர்கள் இரண்டு கம்பெனி, கைலாஹுன் ஊரில் 'புரட்சிகர ஐக்கிய முன்னணி' (ஆர்.யு.எஃப்.) என்ற கிளர்ச்சிப் படையிடம் சுற்றி வளைக்கப்பட்டார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் முற்றுகை. ஜூலை நடுவில் மேஜர் ஜெனரல் விஜய் குமார் ஜெட்லியின் தலைமையில் நடந்த நடவடிக்கையில் அவர்கள் டாருவுக்கு மீட்டு வரப்பட்டார்கள். டாருவும் இதே மாவட்டம்தான். பிரிட்டிஷ் காலத்தில் மேற்கு ஆப்பிரிக்க எல்லைப்படையின் சியரா லியோன் பட்டாளத்துக்குத் தலைமையிடமாக இருந்த ஊர் அது.

சரி, இனி வருவதெல்லாம் அதற்கு நூறாண்டு முந்தைய கதை.

பிரிட்டிஷார் வருவதற்கு முன் அங்கே ராஜா யாராவது இருந்தாரா?

பரம்பரை அரண்மனை, முடிசூட்டு விழா என்றெல்லாம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். 19-ம் நூற்றாண்டின் மெண்டே நாடு முழுக்கப் போர்த் தலைவர்களின் காலம். மரக்கழிகளை நெருக்கமாக நட்டு வேலி போட்ட கோட்டை ஊர்கள். அதைச் சுற்றிச் சின்னச் சின்ன விவசாயக் கிராமங்கள். யாரிடம் படை இருக்கிறதோ, யாரால் பாதுகாப்புத் தர முடிகிறதோ, அவரிடம் மக்கள் போய்ச் சேர்ந்தார்கள். பாதுகாப்பு தர முடியாதவரிடமிருந்து கிளம்பியும் போனார்கள். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்தச் சூழலில் எழுந்தவர் காய் லோண்டோ. கிஸ்ஸி வம்சாவளி, பெயர் எடுத்தது லுவாவாவில். 1880-களில் நிடாவா என்ற மெண்டே போர்த் தலைவர் பெரும்படையோடு இந்தப் பக்கம் வந்தபோது, அவரை விரட்டினால் தலைமையை உனக்கே தருகிறோம் என்று உள்ளூர்ப் பெரியவர்கள் காய் லோண்டோவிடம் சொன்னதாக மரபுக் கதை. அவர் விரட்டினார், அவர்களும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். கைலாஹுன் என்ற ஊர்ப் பெயரே அவருடைய பெயரிலிருந்து வந்ததுதான். அவருடைய லுவாவா, இன்றைய சீஃப்டத்தைவிடப் பல மடங்கு பெரியது. இன்று கினியாவிலும் லைபீரியாவிலும் இருக்கும் ஊர்கள்கூட அதில் அடக்கம்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர் எந்த அரச குடும்பத்திலும் பிறக்கவில்லை. பதவியைச் சம்பாதித்தார். இன்றைய சட்டப்படி காய் லோண்டோ பெருந்தலைவர் தேர்தலில் நிற்க விண்ணப்பித்திருந்தால் மனு தள்ளுபடி ஆகியிருக்கும்.

1890 ஒப்பந்தத்தில் அவர் நாட்டை எழுதிக் கொடுத்துவிட்டாரா?

இல்லை. அந்த ஆண்டு பிரிட்டிஷ் அரசின் பயண ஆணையரான டி. ஜே. ஆல்ட்ரிட்ஜ், ஃப்ரீடவுன் ஆளுநர் சார்பில் மெண்டே நாட்டின் உட்பகுதிகளுக்கு ஒப்பந்தப் படிவங்களோடு வந்தார். கைலாஹுனுக்கும் வந்தார். பிரிட்டிஷ் பதிவுகளில் இந்த ஊர் 'கான்ரே லாஹுன்' என்று இருக்கும். பழைய வரைபடத்தில் தேடுபவர்கள் அந்தப் பெயரில் தேட வேண்டும்.

இத்தகைய ஒப்பந்தங்களில் விஷயம் ஏறக்குறைய ஒன்றுதான். பாதைகளைத் திறந்து வைக்க வேண்டும், வணிகர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, சண்டை போடக் கூடாது, பிரிட்டிஷாரைக் கேட்காமல் வேறு எந்த நாட்டோடும் உடன்படிக்கை செய்யக் கூடாது. பதிலுக்கு ஆண்டுதோறும் ஒரு மானியம். பிரிட்டிஷாரின் அவசரம் வேறு: கினியா பக்கமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். காய் லோண்டோவுக்கும் வலுவான ஒரு நண்பன் தேவையாக இருந்தது. இரண்டு பேருமே தங்களுக்கு லாபம் என்று நினைத்துக் கையெழுத்திட்ட காகிதம் அது.

அவர் 1896-ல் இறந்தார். அடுத்து வந்தவர் அவருக்கு நெருக்கமாக இருந்த ஃபாபுண்டே. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று, ஒப்பந்தம் போட்ட நிலங்கள் அத்தனையும் பிரிட்டிஷ் பாதுகாப்புப் பகுதி என்று ஃப்ரீடவுனில் அறிவிக்கப்பட்டது. நட்பு ஒப்பந்தம் போட்டவர்களிடம் அதற்குச் சம்மதம் கேட்கப்படவில்லை.

ஃப்ரீடவுனுக்கும் கைலாஹுனுக்கும் ஒரே ஆட்சிதானே?

ஆளுநர் ஒருவர்தான். சட்டம் இரண்டு. ஃப்ரீடவுனும் அதைச் சுற்றிய தீபகற்பமும் 'காலனி'. அங்கே பிறந்தவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். அவர்களுக்கு ஆங்கிலேயச் சட்டம், நீதிமன்றம், செய்தித்தாள் எல்லாம் இருந்தன. உள்நாடு 'பாதுகாப்புப் பகுதி'. அங்கே மாவட்ட ஆணையர், அவருக்குக் கீழே தலைவர்கள், தலைவர்களுக்குக் கீழே மக்கள். முதலில் ஐந்து மாவட்டங்கள் போட்டார்கள்: கரேனே, ரோனியெட்டா, பண்டாஜுமா, பங்குமா, கொய்னாடுகு. மெண்டே நாட்டின் மேல் பகுதி பங்குமாவோடு சேர்ந்தது. ஃப்ரீடவுன்காரர்களுக்கும் உள்நாட்டுக்காரர்களுக்கும் இன்றைக்கும் தீராத மனக்கசப்பு ஒன்று இருக்கிறதென்றால் அதன் வேர் இந்த இரட்டைச் சட்டத்தில்தான்.

1898 குடிசை வரிப் போரில் கைலாஹுன் என்ன செய்தது?

போரின் மையம் இங்கே இல்லை. காரணம் எளிது: ஆளுநர் கார்டியூ விதித்த வரி 1898 ஜனவரி முதல் முதலில் வசூலுக்கு வந்தது கரேனே, ரோனியெட்டா, பண்டாஜுமா ஆகிய மூன்று மாவட்டங்களில் மட்டும். வீட்டுக்கு 5 ஷில்லிங். வடக்கே பாய் புரே என்ற தலைவர் பிப்ரவரியில் போரைத் தொடங்கினார், நவம்பரில்தான் பிடிபட்டார். தெற்கே மெண்டே மக்களின் எழுச்சி ஏப்ரல் இறுதியில் வெடித்தது. அதில் ஃப்ரீடவுனிலிருந்து வந்து குடியேறிய வணிகர்களும் மிஷனரிகளும் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள்.

ஆனாலும் பக்கத்திலேயே அடி விழுந்தது. பங்குமாவின் பெரிய தலைவர் நியாகுவாவைச் சந்தேகத்தின் பேரில் பிடித்து, பாய் புரேயோடு சேர்த்துக் கோல்டு கோஸ்ட்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, நாடு கடத்தினார்கள். பாய் புரே 1905-ல் ஊர் திரும்பினார். நியாகுவா திரும்பவில்லை, அங்கேயே இறந்தார். மேல் மெண்டே நாட்டுத் தலைவர்களுக்கு இதைவிடத் தெளிவான செய்தி தேவைப்பட்டிருக்காது.

லண்டன் அனுப்பிய விசாரணை ஆணையர் சர் டேவிட் சால்மர்ஸ், வரிதான் போருக்குக் காரணம், அதை எடுத்துவிடுங்கள் என்று அறிக்கை கொடுத்தார். காலனிச் செயலர் ஜோசப் சேம்பர்லின் அதை ஒதுக்கிவிட்டு ஆளுநர் பக்கம் சாய்ந்தார். வரி நிலைத்தது, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது.

வரியை வசூலித்தது யார்?

தலைவர்களேதான். பிரிட்டிஷாரிடம் ஊர் ஊராகப் போக ஆள் இல்லை. வசூலித்துக் கொடுக்கும் தலைவருக்கு 5 சதவீதம் கழிவு. கணக்குப் போட்டால் ஒரு வீட்டு வரியான 60 பென்னியில் அவர் பங்கு 3 பென்னி.

அந்த மூன்று பென்னியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். என் பார்வையில், மொத்தக் கதையும் திரும்பும் இடம் இதுதான். அதுவரை ஒரு தலைவர் தன் ஆட்களுக்குச் சோறும் பாதுகாப்பும் நியாயமும் கொடுத்தால்தான் தலைவர். பிடிக்காதவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த தலைவரிடம் போகலாம். இப்போதோ எல்லைக்குப் பிரிட்டிஷ் காவல், பதவிக்குப் பிரிட்டிஷ் ஆதரவு, வருமானத்துக்கு வரிக் கழிவு. அடுத்த சீஃப்டத்துக்குப் போனாலும் அங்கேயும் அதே வரி. தலைவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மாறிவிட்டது.

கைலாஹுன் ஊர் ஒரு காலத்தில் லைபீரியாவில் இருந்ததாமே?

ஆமாம், காகிதத்தில். 1885-ல் பிரிட்டனும் லைபீரியாவும் கடற்கரையில் மானோ ஆற்றை எல்லையாக வைத்துக்கொண்டன. உட்பகுதியில் எல்லை எங்கே போகிறது என்று அப்போது யாரும் நடந்து பார்க்கவில்லை. 1903-ல் எல்லை ஆணையம் அளந்து பார்த்தபோது ஒரு சங்கடம்: பிரிட்டிஷார் ஒப்பந்தம் போட்டு, படை நிறுத்தி, ஆண்டுகொண்டிருந்த கைலாஹுன் லைபீரியா பக்கம் விழுந்தது.

ஆனால் பிரிட்டிஷ் படை அந்த ஊரை விட்டுப் போகவில்லை. லைபீரியாவோ அது தன் ஊர் என்றது. இழுபறி பல ஆண்டு நடந்தது. கடைசியில் 1911 ஜனவரியில் ஒரு பண்டமாற்று: கைலாஹுன் பகுதி பிரிட்டனுக்கு, தெற்கே மோரோ, மானோ ஆறுகளுக்கு இடைப்பட்ட கோலா காட்டு நிலம் லைபீரியாவுக்கு, கூடவே லைபீரியாவுக்கு 4,000 பவுன். இரண்டு இடத்து மக்களையும் யாரும் கேட்கவில்லை.

காய் லோண்டோவின் பழைய லுவாவா மூன்று துண்டானது. ஒரு பகுதி பிரெஞ்சு கினியாவில், ஒரு பகுதி லைபீரியாவில், மிச்சம் சியரா லியோனில். கிஸ்ஸி மக்கள் மூன்று நாட்டுக்காரர்கள் ஆனார்கள். கல்யாணமும் கருமாதியும் சந்தையும் மட்டும் எல்லையைக் கண்டுகொள்ளவே இல்லை. மூன்று நாட்டுக்காரர்களும் கூடும் கொய்ண்டு வாரச்சந்தை, 1991-ல் தொடங்கிய உள்நாட்டுப் போருக்கு முன்புவரை மேற்கு ஆப்பிரிக்காவில் பேர் பெற்றது.

எல்லைத் தகராறு பழங்கதையும் அல்ல. கிஸ்ஸி டெங்கில் ஆற்றோரம் இருக்கும் யெங்கா என்ற சிற்றூருக்குள் உள்நாட்டுப் போரின்போது கினியா படை வந்தது. வந்த படை உடனே திரும்பிப் போகவில்லை. 2012-ல் இரு நாடுகளும் அங்கிருந்து படையை விலக்க ஒப்புக்கொண்ட பிறகும் அந்தப் பிரச்சினை முழுதாக அடங்கவில்லை.

'பாரமவுண்ட் சீஃப்' என்பது பழைய பட்டமா, பிரிட்டிஷார் கொடுத்ததா?

பட்டம் பிரிட்டிஷார் கொடுத்தது. அதற்கு முன் ஒப்பந்தங்களில் இதே ஆட்களை ராஜா, ராணி என்று எழுதினார்கள். பாதுகாப்புப் பகுதி அறிவித்த பிறகு ராஜா என்றால் ஒருவர்தான், அவர் லண்டனில் இருக்கிறார் என்றாகிவிட்டது. ஆக, இங்கே இருந்தவர்கள் 'சீஃப்' ஆனார்கள்.

அடையாளமாகக் கொடுக்கப்பட்டது ஒரு கைத்தடி. பித்தளைத் தலைப்பில் பிரிட்டிஷ் அரச முத்திரை பொறித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு முத்திரை சியரா லியோன் அரசுடையதாக மாறியது, தடி மாறவில்லை. இன்றும் புதுப் பெருந்தலைவருக்கு நாட்டின் அதிபர் அந்தத் தடியை வழங்கினால்தான் பதவி முழுமை பெறும். தலைவர் வர முடியாத இடத்துக்குத் தடியை ஒருவர் எடுத்துப் போனால் தலைவரே வந்த மாதிரி. 'யார் தடி வைத்திருக்கிறார்' என்று கேட்டால் யார் பதவியில் இருக்கிறார் என்று அர்த்தம்.

அதற்காக எல்லாமே பிரிட்டிஷார் செய்த ஜோடனை என்று சொல்லிவிடவும் முடியாது. தலைவருக்காகப் பேசும் 'லவாலே', ஆண்களின் ரகசியச் சங்கமான போரோ, பெண்களின் ரகசியச் சங்கமான சாண்டே, பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பது — இவை அனைத்தும் அவர்களுக்கு முன்பே இருந்தவை. போரோ சொல்வதை மீறி எந்தப் பெருந்தலைவராலும் நிம்மதியாக ஆள முடிந்ததில்லை, பிரிட்டிஷ் தடி இருந்தாலும்.

அடிமை முறை அங்கே எப்போது ஒழிந்தது?

1928 ஜனவரி 1-ல். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக உருவான ஃப்ரீடவுன் இருக்கும் நாட்டில், உள்நாட்டு அடிமை முறை 20-ம் நூற்றாண்டில் கால் பங்குக்கு மேல் சட்டப்படி நடந்தது. தலைவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று நிர்வாகம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. 1927-ல் ஃப்ரீடவுன் உயர் நீதிமன்றம், ஓடிப்போன அடிமையை எஜமானர் திரும்பப் பிடிப்பது குற்றமல்ல என்று தீர்ப்புச் சொல்ல, பிரிட்டனில் பெரும் கூச்சல். சில மாதங்களில் சட்டம் வந்துவிட்டது.

ரயில் வந்ததாமே?

வந்தது, போயும்விட்டது. ஃப்ரீடவுனிலிருந்து இரண்டரை அடி அகலக் குறுகிய பாதை. 1903-ல் போ நகரம், 1905-ல் பாய்மா, கடைசியாகப் பெண்டெம்பு. பாய்மாவும் பெண்டெம்புவும் கைலாஹுன் மாவட்டத்து ஊர்கள். பனங்கொட்டைப் பருப்பு, பிறகு கோகோ, காபி எல்லாம் இந்த ரயிலில் கடலுக்குப் போயின. 1974-ல் ரயிலை நிறுத்தினார்கள். அன்றைய ஆளுங்கட்சி, கிழக்கே தனக்கு ஓட்டுப் போடாத ஊர்களைப் பழிவாங்கத்தான் நிறுத்தியது என்று கைலாஹுன்காரர்கள் சொல்வார்கள். ரயில் நஷ்டத்தில் ஓடியது என்று அரசாங்கம் சொன்னது.

1937-ல் என்ன மாறியது?

பிரிட்டிஷ் அதிகாரி ஃபெண்டன் நைஜீரியாவுக்குப் போய் அங்கே உள்ளூர்த் தலைவர்கள் வழியாக நடந்த மறைமுக ஆட்சியைப் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரியை இங்கேயும் பரிந்துரைத்தார். 1937 முதல் ஒவ்வொரு சீஃப்டமாக 'சுதேச நிர்வாகம்' ஆனது: தனிக் கருவூலம், எழுத்தர், பெருந்தலைவருக்குச் சம்பளம். அதுவரை மக்கள் தலைவருக்குக் கொடுத்த அரிசியும் உழைப்பும் இனிமேல் வேண்டாம், சம்பளம் போதும் என்பது திட்டம். பல இடங்களில் சம்பளமும் வந்தது, அரிசியும் வந்தது, வயல் வேலையும் நின்றபாடில்லை.

மக்கள் சும்மாவா இருந்தார்கள்?

இல்லை. 1950-ல் கைலாஹுனிலேயே பெருந்தலைவருக்கு எதிராகக் கலவரம் நடந்தது. 1955 நவம்பரிலிருந்து 1956 தொடக்கம்வரை வடக்கு மாகாணத்தில் பெருங்கலவரம். வரி கூடியது, கூடவே தலைவர்கள் போட்ட கட்டாய வசூலும் இலவச வேலையும். கூட்டம் தலைவர்களின் புது வீடுகளைத் தேடிப் போய் இடித்தது. சர் ஹெர்பர்ட் காக்ஸ் தலைமையிலான விசாரணை, குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதி உண்மை என்றது. சில தலைவர்கள் பதவி இழந்தார்கள். அமைப்பு அப்படியே இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு ஏன் ஒழிக்கவில்லை?

ஒழிக்கும் நிலையில் யாரும் இல்லை. 1961 ஏப்ரல் 27-ல் சுதந்திரம் வாங்கித் தந்த சியரா லியோன் மக்கள் கட்சியின் (எஸ்.எல்.பி.பி.) மில்டன் மார்கையே தலைவர் குடும்பத்துப் பேரன். கிராமத்து ஓட்டு பெருந்தலைவர் கையில். நாடாளுமன்றத்திலும் மாவட்டத்துக்கு ஒரு பெருந்தலைவருக்கு இடம் ஒதுக்கினார்கள், இன்றும் உண்டு.

அந்த ஒதுக்கீடு ஒரு ஆட்சிக் கவிழ்ப்புக்கே சாக்கானது. 1967 மார்ச் தேர்தலில் எதிர்க்கட்சியின் சியாக்கா ஸ்டீவன்ஸைப் பிரதமராகப் பதவியேற்க அழைத்த நேரத்தில், படைத்தலைவர் டேவிட் லன்சானா குறுக்கே வந்தார். பெருந்தலைவர் இடங்களின் முடிவு வராமல் பதவியேற்பு செல்லாது என்றார். லன்சானாவும் கைலாஹுன் மாவட்டத்துக்காரர்தான். அடுத்த ஆண்டு ஸ்டீவன்ஸ் ஆட்சிக்கு வந்தார். தலைவர்களை அவரும் ஒழிக்கவில்லை. பிடிக்காதவர்களை நீக்கினார், பிடித்தவர்களை உட்கார வைத்தார். 1972-ல் மாவட்ட மன்றங்களைக் கலைத்தார். கிராமத்தில் அரசாங்கம் என்று மிஞ்சியது பெருந்தலைவர் மட்டுமே.

உள்நாட்டுப் போருக்குத் தலைவர்கள்தான் காரணமா?

முழுக் காரணம் என்று சொன்னால் தவறு. 1991 மார்ச் 23-ல் ஆர்.யு.எஃப். லைபீரியாவிலிருந்து எல்லை தாண்டி முதலில் தாக்கியது கைலாஹுனின் பொமாரு என்ற ஊரை. லைபீரியக் கிளர்ச்சித் தலைவர் சார்ல்ஸ் டெய்லரின் ஆதரவு, நொறுங்கிப்போன அரசு, பிறகு வைரம் என்று காரணங்கள் பல.

ஆனால் அந்தப் படையில் சேர்ந்த கிராமத்து இளைஞர்கள் பலரின் ஆத்திரம் உள்ளூர் சார்ந்தது என்று ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பெண்ணோடு பேசினான் என்று அபராதம், அபராதம் கட்ட முடியாதவன் பெரியவர் வயலில் வேலை, அதையும் செய்யாதவன் ஊரை விட்டு ஓட்டம். ஓடியவன் ஒருநாள் துப்பாக்கியோடு திரும்பினான். போரின் தொடக்கத்திலேயே தலைவர்களும் பெரியவர்களும் குறிவைத்துக் கொல்லப்பட்டதை இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கூடவே இதையும் சொல்ல வேண்டும்: அந்தப் போரில் அதிகம் அழிந்தவர்கள் எந்த அதிகாரமும் இல்லாத சாதாரணக் கிராமத்தார். கைலாஹுனின் பெரும்பகுதி பல ஆண்டுகள் கிளர்ச்சியாளர்கள் பிடியில் இருந்தது.

அப்புறம் எதற்காகத் திரும்பக் கொண்டுவந்தார்கள்?

மக்களே கேட்டார்கள். 2002 ஜனவரியில் போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது பல சீஃப்டங்களில் தலைவர் இல்லை. அகதி முகாமிலிருந்து திரும்பியவனுக்கு எது தன் நிலம் என்று யார் சொல்வது? சண்டையை யார் தீர்ப்பது? காவல் நிலையம் பல மைல் தூரத்தில். 2002, 2003-ல் அறுபதுக்கும் மேற்பட்ட சீஃப்டங்களில் தேர்தல் நடந்தது.

இதில் வேடிக்கை, பெருந்தலைவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்க ஒரு திட்டம் வந்தது. பணம் கொடுத்தது பிரிட்டிஷ் அரசு. ஊரே கூரையில்லாமல் நின்றபோது தலைவருக்கு மட்டும் வீடா என்று முணுமுணுப்பு எழ, திட்டம் பாதியில் வேறு வடிவம் எடுத்தது.

இப்போது பெருந்தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

ஊர் மக்கள் எல்லோரும் ஓட்டுப் போடுவதில்லை. உள்ளூர் வரி கட்டும் 20 பேருக்கு ஒரு கவுன்சிலர்; அந்தக் கவுன்சிலர்கள் மட்டும் ஓட்டுப் போடுகிறார்கள். போட்டியிடுபவர் அங்கீகரிக்கப்பட்ட 'ஆளும் குடும்பம்' ஒன்றின் வாரிசாக இருக்க வேண்டும். 2009 சட்டப்படி, சுதந்திர நாளன்று ஆளும் குடும்பமாக இருந்ததுதான் ஆளும் குடும்பம். அன்றைக்கு இருந்த பட்டியலை யார் உருவாக்கினார்கள் என்று பார்த்தால் பிரிட்டிஷ் மாவட்ட ஆணையர்கள்.

பதவி ஆயுளுக்கும். ஒருவர் இறந்த பிறகு அடுத்தவருக்கான தேர்தலின் முதல் கட்டமே உரிமை கோரும் கூட்டம். 'பாரி' என்று சொல்லப்படும் பொதுக்கூடத்தில் நடக்கும்: மேலே கூரை, சுற்றிலும் இடுப்பளவு சுவர், நாலு பக்கமும் திறந்த இடம். உள்ளே பெரியவர்கள், வெளியே சுவரில் சாய்ந்து ஊரே நிற்கும். ஒவ்வொரு போட்டியாளரும் எழுந்து, தன் பாட்டன் இன்னார், அவர் இந்தப் பதவியில் இருந்தார் என்று வம்சத்தைச் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு அதை மறுக்கும். வேறு சீஃப்டங்களிலிருந்து வந்த இரண்டு பெருந்தலைவர்கள் மதிப்பீட்டாளர்களாக உட்கார்ந்து கேட்பார்கள். பாதி வழக்குகள் பின்னர் நீதிமன்றத்துக்குப் போகும்.

ஆளும் குடும்பங்கள் எத்தனை என்பதும் முக்கியம். சில சீஃப்டங்களில் ஒன்றே ஒன்று. சிலவற்றில் பத்துக்கும் மேல். குடும்பங்கள் குறைவாக, அதாவது போட்டி குறைவாக உள்ள இடங்களில் படிப்பும் வாழ்க்கைத்தரமும் பின்தங்கியிருக்கின்றன என்று பொருளாதார ஆய்வு ஒன்று 2014-ல் காட்டியது. அதே இடங்களில் மக்கள் தலைவர் மேல் மரியாதை அதிகம் இருப்பதாகச் சொன்னார்கள் என்பதுதான் ஆச்சரியம். தலைவர் தயவில்லாமல் எதுவும் நடக்காத ஊரில் வேறு என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

2017-ல் அரசு, முன்பு ஒன்றாக இணைக்கப்பட்டிருந்த சீஃப்டங்களைப் பிரித்து, 149 சீஃப்டங்களை 190 ஆக்கியது. அதில் அரசியல் கணக்கு இருந்தது என்பவர்களை மறுக்க நான் வரவில்லை.

பெண்கள் பெருந்தலைவர் ஆக முடியுமா?

தெற்கிலும் கிழக்கிலும், அதாவது மெண்டே பகுதிகளில், முடியும். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் மொயாம்பா பகுதியை ஆண்ட மேடம் யோகோ எல்லோருக்கும் தெரிந்த பெயர். வடக்கில் பெரும்பாலும் வழக்கத்தைக் காட்டித் தடுத்துவிடுகிறார்கள்.

நிலத்தைத் தலைவர் விற்கலாமா?

விற்க முடியாது. 1927 சட்டம் உள்நாட்டு நிலத்தைச் சமூகத்தின் சார்பில் காத்து வைக்கும் பொறுப்பைத் தலைவர்கள் அடங்கிய சபைக்குக் கொடுத்தது. 'காத்து வைப்பது' எங்கே முடிந்து 'வைத்துக்கொள்வது' எங்கே தொடங்குகிறது என்பதில்தான் நூறாண்டுத் தகராறு. நிறுவனங்களுக்கு நீண்ட காலக் குத்தகை விடும்போது தலைவர் கையெழுத்தே போதும் என்ற நிலை பல இடங்களில் இருந்தது. 2022-ல் வந்த வழக்காற்று நில உரிமைச் சட்டம் இதை மாற்றியது. இப்போது நிலத்துக்கு உரிய குடும்பத்தின் சம்மதம் வேண்டும். பெண்களுக்கும் சம உரிமை. கோகோத் தோட்டம் உள்ள கைலாஹுனில் இது சின்ன விஷயமே அல்ல.

எபோலா நேரத்தில் தலைவர்கள் என்ன செய்தார்கள்?

2014 மே இறுதியில் சியரா லியோனின் முதல் எபோலா நோயாளி உறுதி செய்யப்பட்டது இந்த மாவட்டத்தில். கிஸ்ஸி டெங்கில் ஒரு நாட்டு வைத்தியரின் இறுதிச் சடங்குக்குப் போனவர்கள் வழியாகப் பரவல் தெரிய வந்தது. கினியாவிலிருந்து நோயாளிகள் அவரைத் தேடி வந்திருந்தார்கள். மூன்று நாட்டு கிஸ்ஸி மக்களுக்கு நடுவே அது அன்றாடப் போக்குவரத்து.

அரசு அதிகாரிகள் சொன்னபோது மக்கள் நம்பவில்லை. ஆம்புலன்ஸைக் கண்டு காட்டுக்குள் ஓடினார்கள். பெருந்தலைவர்கள் ஊர்க் கட்டுப்பாடு போட்டபோது நிலைமை மாறத் தொடங்கியது: நோயாளியை மறைத்தால் அபராதம், பிணத்தைக் கழுவக் கூடாது, அந்நியரைத் தங்க வைத்தால் சொல்ல வேண்டும். பிறகு அதையே நாடு முழுக்க விரிவாக்கினார்கள். அபராதம் போடும் அதே அதிகாரம்தான் போருக்கு முன் இளைஞர்களை விரட்டியது. இந்த முறை அது உயிரைக் காப்பாற்றியது.

அங்கே போக நேர்ந்தால் பெருந்தலைவரைப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். ஆய்வு, தொண்டு, வியாபாரம் எதுவானாலும் முதலில் அவரைத்தான் பார்க்க வேண்டும். பார்க்காமல் வேலையைத் தொடங்கினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கோலாக் கொட்டையோ ஒரு சிறு தொகையோ மரியாதைக்குக் கொடுப்பது வழக்கம். நேரடியாக அவரிடம் பேசத் தொடங்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் லவாலேயிடம் சொல்லுங்கள், அவர் சொல்வார். நீங்கள் சொன்னது பெருந்தலைவர் காதில் விழுந்திருக்கும், உங்கள் மொழியும் அவருக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் லவாலே சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். மதியத்துக்குப் பிறகு வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் போவது நல்லது.